தேக்காவில் ஒரு திருக்கை

தேக்கா ஈரச்சந்தையில் மீன்கடைக்காரர் ஒரு திருக்கையைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். வெள்ளை அடிப்புறத்தில் ஒரு முகம். சிரிக்குதா அழுவுதான்னே சொல்ல முடியல. கண்கள்னு நாம நினைக்கிறது மூக்குத் துளைகள். கண் இருப்பது மேற்புறத்தில்.

1728இல் பிரெஞ்சு அரச ஓவியக் கழகத்தில் சேர ஷார்தான் கொடுத்த ‘திருக்கை’ ஓவியத்தின் நடுவில் இதே முகம்தான். (லூவ்ருக்குப் போனதில்லை, திரையில் பார்த்தது.) வயிறு கிழிந்து, குடல் சிவந்து, கொக்கியில் தொங்குகிறது. ஒருபக்கம் சிப்பிகள்மேல் சிலிர்த்து நிற்கும் பூனை, மறுபக்கம் குடம், சட்டி. மேசை விளிம்பைத் தாண்டி நம்மை நோக்கி நீளும் கத்திப்பிடி.

கத்திப்பிடி பழைய வித்தை. தியோங் பாருவில் யிப் இயூ சோங் 2016இல் வரைந்த ‘வீடு’ சுவரோவியமும் அந்த வகைதான். அந்த வீட்டுக்குள்ளேயே இருப்பதுபோல நின்று படம் எடுத்துக்கலாம். நானும் எடுத்திருக்கேன். அந்தச் சுவர் நம்மை உள்ளே கூப்பிடுகிறது.

திருக்கை கூப்பிடுவதில்லை. ஷார்தான் கண்களை வரையவே இல்லை, மூக்குத் துளைகளை உள்ளபடி வரைந்தார். வலியை நாமே அதில் போட்டுக்கொள்கிறோம். 1763இல் திதரோ இதை அருவருப்பான பொருள் என்று சொல்லிவிட்டு சதை, தோல், ரத்தம் என்றே வியக்கிறார். எனக்கு ரத்தத்தைவிட அந்தப் பொய்முகம்தான் பெரிசு.

“வெட்டவா?” என்றார் கடைக்காரர். சம்பலுக்கு அரைக் கிலோ. திருப்பிப் போட்டுத்தான் வெட்டினார்.