உடன்பிறந்தார் உள்ளமும் ஊடுருவும் உள்ளமும்

பிறர் நெஞ்சில் நினைப்பதை அவர் சொல்லாமலே அறியும் ஆற்றல் ஒருவனுக்கு வாய்க்குமாயின், அது வரமா, சாபமா? வித்துராவில் வாழும் நமக்கு இவ்வினா புதிதன்று. கிழக்கே 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியர்கூடத்தைப் பார்த்தவாறு, சித்தர்களின் சித்து பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். இவ்வினாவைத் திரைக்கலை எவ்வாறு எதிர்கொண்டது என்பதை இரண்டு படங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, 1949ஆம் ஆண்டில் ஜெமினி நிறுவனம் அளித்த ‘அபூர்வ சகோதரர்கள்’. (1989இல் கமலஹாசன் நடித்து வெளிவந்தது பெயரால் மட்டுமே ஒத்த வேறு படம்.) பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாண்டர் டூமா 1844இல் எழுதிய கார்சிகத் தீவின் இரட்டையர் கதையே இதற்கு மூலம். எம்.கே. ராதா இரட்டை வேடம் தாங்கினார், பானுமதி நாயகி. ஒருவன் நகரில் வளர்கிறான். மற்றவன் காட்டில் வளர்கிறான். ஒருவன்மேல் விழும் அடி மற்றவன் உடலில் வலிக்கிறது. இதே கதையை 1971இல் ‘நீரும் நெருப்பும்’ என்னும் பெயரில் எம்.ஜி.ஆர். மீண்டும் நடித்தார்.

வாட்போரும் பழிவாங்கலும் நிறைந்த இப்படத்தில் உள்ளத் தொடர்பு ஒரு வேடிக்கையாகவே பெரிதும் பயன்படுகிறது என்பது குறையே. எனினும் ஓரிடத்தில் கதை ஆழம் பெறுகிறது. ஒருவன் கொண்ட காதலை மற்றவனும் உணர்கிறான். உணர்ந்ததைத் தன் காதலாகவே கருதிவிடுகிறான். பிறர் துன்பத்தைப் பகிர்வது அறம் என்போம். பிறர் இன்பமும் நம்முள் புகுந்தால் அது பொறாமையாகத் திரியக் கூடும் என்பதை இக்கதை காட்டுகிறது. இவ்விடத்தில் இன்னும் சற்று நின்றிருந்தால் படம் காவியத் தன்மை எய்தியிருக்கும். வாளோசை அதற்கு இடந்தரவில்லை.

இரண்டாவது, கனடா நாட்டு இயக்குநர் டேவிட் குரோனென்பெர்க் 1981இல் வெளியிட்ட ‘ஸ்கேனர்ஸ்’. ஒரு மனிதனின் தலை வெடித்துச் சிதறும் காட்சியால் பெயர் பெற்ற படம் இது. அக்காட்சிக்கு அஞ்சி இதனை ஒதுக்கிவிட்டால் இழப்பு நமக்கே. வீட்டுச் சிறுவர்க்கு உரியதன்று, பெரியோர் பார்க்கலாம்.

நாயகன் கேமரன் வேல் வீடற்று அலைபவன். சுற்றியிருப்போர் எண்ணங்களெல்லாம் ஓயாத இரைச்சலாக அவன் தலைக்குள் ஒலிக்கின்றன. இவ்வாற்றல் தவத்தால் வந்ததன்று. கருவுற்ற தாய்மார்க்கு அளிக்கப்பட்ட ஒரு மருந்தின் பக்கவிளைவு. இது வெறுங்கற்பனை எனத் தள்ளற்க. மேற்கு ஜெர்மனியில் 1957 முதல் விற்கப்பட்ட தாலிடோமைடு என்னும் மருந்தைக் கருவுற்றோர் உட்கொண்டதால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தனர். 1961இல்தான் அங்கு அது திரும்பப் பெறப்பட்டது. படத்தில் அம்மருந்தைப் படைத்த அறிஞர் தம் மனைவிக்கே அதனைக் கொடுத்தவர். நாயகனும் அவனை எதிர்க்கும் ரெவோக்கும் அவ்வறிஞர் பெற்ற மக்கள், உடன்பிறந்தோர்.

இப்படத்தில் என் நெஞ்சைத் தொட்டவன் ஒரு சிற்பி. அவனும் அதே ஆற்றல் உடையவன். தான் செதுக்கிய மாபெரும் தலையொன்றின் உள்ளே அமர்ந்து பேசுகிறான். பிறர் குரல்கள் நடுவே தன் அறிவு சிதையாமல் காத்தது கலையே என்பது அவன் நிலை. நாள் முழுதும் அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் பிறமொழி கேட்டு, மாலையில் இச்சங்கத்தில் கூடித் தமிழ் பேசும் நமக்கு அவன் அயலான் அல்லன்.

குறைகளும் உள. நாயகனாக வரும் ஸ்டீபன் லாக்கின் முகத்தில் உணர்ச்சி ஏறவில்லை. மைக்கேல் அயர்ன்சைட்டின் ரெவோக் அவரை எளிதில் விழுங்கிவிடுகிறார். தொலைபேசிக் கம்பி வழியே கணிப்பொறியின் உள்ளத்தில் புகும் காட்சி நம்பத்தக்கதாக இல்லை. ஆனால் தாயின் வயிற்றிலுள்ள கரு எதிரே நிற்கும் பெண்ணின் உள்ளத்தைத் துழாவும் சிறு காட்சி, வெடிக்கும் தலையினும் அச்சம் தருவது.

முடிவில் உடன்பிறந்தோர் இருவரும் உள்ளத்தாலேயே போரிடுகின்றனர். ஒருவன் உடல் கரிந்து வீழ்கிறது. எஞ்சிய ரெவோக்கின் உடலிலிருந்து கேமரனின் குரல் பேசுகிறது. மேலைநாட்டார் வியந்த இம்முடிவு நமக்குப் பழகிய கூடுவிட்டுக் கூடு பாய்தலே அன்றோ? பெரியபுராணம் கூறும் திருமூலர் வரலாற்றை நினைவு கூர்க. அகத்தியரைக் காணப் பொதிய மலை நோக்கி வந்த யோகியார், சாத்தனூரில் இறந்துகிடந்த இடையன் மூலனைச் சூழ்ந்து பசுக்கள் கதறக் கண்டார். அவற்றின் துயர் தீர்க்க அவன் உடலுள் புகுந்தார். ஆயினும் மூலனின் மனைவியைத் தம் மனைவியாகக் கொள்ளவில்லை, அவ்வில்லத்தைத் தமதாக்கவுமில்லை. கேமரன் புகுந்தது உயிர்ப்போரில். திருமூலர் புகுந்தது இரக்கத்தால். ஆற்றல் ஒன்றே, அதனை வரமோ சாபமோ ஆக்குவது புகுவோன் நெஞ்சம்.

என் மகன் பள்ளி விட்டு வந்து மலையாளத்தில் சினந்து பேசும்போது, அவன் உள்ளத்தை அப்படியே படித்துவிட ஓர் ஆற்றல் இருந்தால் நன்று என எண்ணியதுண்டு. இப்படங்களைக் கண்டபின் அவ்வாசை நீங்கிற்று. அவனாகச் சொல்லும்வரை காத்திருப்பதே தந்தைக்கு அழகு. நெஞ்சக் கதவைத் தட்டுதற்கே மொழி பிறந்தது. உடைத்துப் புகுதற்கு அன்று. அம்மொழி அவன் நாவில் எதுவாயினும், கேட்கும் செவி நமதாக இருக்கட்டும்.