மைனரும் அம்பாசிடரும்

கொழும்பில் மொரிஸ் மைனர் வைத்திருப்பவர் பெரும்பாலும் தானே ஓட்டுவார். சென்னையில் அம்பாசிடர் வைத்திருந்தவர்களில் பலர் பின் சீட்டில்தான் இருந்தார்கள். பழைய காரைப் பராமரிக்கும் பழக்கம் இரு நாடுகளிலும் வேறு வேறாகப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

வம்சம் என்னவோ ஒன்றுதான். மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. மொரிஸ் ஒக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையை அப்படியே எடுத்து, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் கட்டியதே அம்பாசிடர். 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை வந்துகொண்டேயிருந்தது. (மைனரைக்கூட 'பேபி ஹிந்துஸ்தான்' என்று அங்கே கொஞ்சக் காலம் விற்றார்கள்.)

மைனர் 1000இன் எஞ்சின் 948 சிசி, 37 குதிரைவலு. வண்டி முக்கால் தொன்தான். நுவரெலியா வீதியில் மெதுவாக ஏறினாலும் வளைவுகளில் சொல்பேச்சுக் கேட்கும். அம்பாசிடருக்கு 1489 சிசி. எடையோ ஒரு தொன்னைத் தாண்டும். அசைந்தாடித்தான் திரும்பும். ஆனால் குடும்பத்தோடு மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு குண்டுகுழிகளை அலட்சியமாகக் கடக்கும். 1990களில் இசுசு 1.8 லிட்டர் எஞ்சின் வந்த பிறகுதான் அது ஓடியது. அதுவரை நகர்ந்தது என்பதே என் கணக்கு.

பராமரிப்பில்தான் சுவாரஸ்யம். அம்பாசிடருக்கு எது தேய்ந்தாலும் சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கி, தெருவோர மெக்கானிக்கிடம் கொடுத்தால் அன்றே மாட்டிவிடுவார். பாகம் மலிவு, அதனால் தேயாமல் காக்க யாரும் மெனக்கெடவில்லை.

இலங்கையில் அந்தச் சொகுசு இல்லை. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடு, பாகங்களை லேத்தில் கடைந்து போடப் பழக்கியது. மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்ப்புறத் திருகுமூட்டு ஒன்று உண்டு. கிரீஸ் காய்ந்தால் மரை தேய்ந்து, ஒருநாள் கழன்று, சக்கரம் மடிந்து கார் தரையில் குந்திவிடும். ஆகவே நல்ல மைனர்க்காரர் கராச்சுக்குப் போகாவிட்டாலும் கிரீஸ் கன்னைத் தொடாமல் இருக்கமாட்டார். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த யாழ்ப்பாணத்தில், பழைய மொரிஸ், ஒஸ்ரின் கார்களைத் துளி பெற்றோலில் கிளப்பி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகை கண்ணைக் கரிக்கும், வண்டி ஓடும். அழுத்த விகிதம் குறைந்த எஞ்சின் என்பதால் அது செல்லுபடியானது.

லேத்தில் வந்த கைப்பழக்கம் வீண்போகவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் மையம் நடத்திய சார்ல்ஸ் வெயர், அதே 1990களில் உதிரிப் பாகங்களை இலங்கையில் செய்வித்து எடுத்துப்போனார்.

சட்டமும் ஒரேமாதிரி இல்லை. தில்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை வந்தது. டீசல் அம்பாசிடர்களுக்கு அங்கே காலம் முடிந்தது. இலங்கையோ 2020இல் கார் இறக்குமதியையே நிறுத்தியது. 2025இல்தான் திறந்தது. இடையில் பழைய கார்களின் விலை எகிறியது.

வாங்க நினைப்பவருக்கு: அம்பாசிடர் என்றால் இசுசு பெற்றோல் எஞ்சினைத் தேடுங்கள். மைனர் என்றால் பெயின்ற் பளபளப்பைப் பிறகு பார்க்கலாம். முதலில் முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, அந்தத் திருகுமூட்டை ஆட்டிப் பாருங்கள்.