நாய், அலமாரி, நாம்

வகுப்பில் கதை எழுதச் சொன்னால் குழந்தைகள் ‘ஒரு ஊர்ல’ என்று ஆரம்பித்து நீதியில் முடிக்கிறார்கள். நாம் கேட்பதே அதைத்தானே!

இத்தாலியரான ஜியான்னி ரோடாரி 1973-ல் வெளியிட்ட ‘கற்பனையின் இலக்கணம்’ வேறு வழி சொல்கிறது. சம்பந்தமில்லாத இரண்டு வார்த்தைகள் போதும்: நாய், அலமாரி. அலமாரியோடு நாய், அலமாரி மேல் நாய், நாயின் அலமாரி... உருபு மாறினால் கதையும் மாறும். போரடிக்கும் வேற்றுமைப் பாடத்தை நம் தமிழாசிரியர்கள் இப்படி நடத்திப் பார்க்கலாம்.

குறையும் உண்டு. நோவாலிஸ், ப்ராப் என்று ரோடாரி அடிக்கடி கோட்பாட்டுக்குத் தாவிவிடுகிறார். நாளைக்கே வகுப்பெடுக்க வேண்டிய டீச்சர் கொட்டாவி விடுவார்.

இருந்தாலும் விஷயம் சரி. எழுத்துப்பிழையை அப்புறம் திருத்திக்கலாம். ‘அலமாரி எப்படிடா பேசும்?’னு ஒரு தடவை அதட்டிட்டா, அடுத்த கதையைப் பையன் நம்மிடம் சொல்லவே மாட்டான்.