கெட்டிக்காரப் பிள்ளைகளின் படங்கள்

அமெரிக்கப் பதின்வயது நகைச்சுவைப் படங்களில் ஒரு கிளை, தப்பு வழியில் போகும் கெட்டிக்காரப் பிள்ளையைச் சுற்றியே வளர்ந்தது. 1980களில் அந்தப் பிள்ளைக்குத் தண்டனை என்று ஒன்றுமில்லை. 'ரிஸ்கி பிசினஸ்' (1983) படத்தில் டாம் குரூஸ் நடித்த மாணவன், பெற்றோர் வெளியூர் போயிருக்கையில் வீட்டை ஓரிரவு விபசார விடுதியாக்குகிறான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்துவிடுகிறது. ஜான் ஹியூஸின் 'ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்' (1986) நாயகன் பள்ளிக்கு மட்டம் போட்டு சிகாகோவைச் சுற்றிவிட்டுப் பிடிபடாமல் வீடு திரும்புகிறான். நொறுங்கிப்போன ஃபெராரி காருக்கு அப்பாவிடம் பதில் சொல்ல வேண்டியவன் அவன் நண்பன் கேமரன்தான். இரண்டுமே அலுக்காமல் பார்க்க வைக்கும் படங்கள். ஆனாலும் அந்தத் திறமை எதற்கு என்ற கேள்வியை அவை கடைசிவரை தொடவில்லை.

அதைத் தொட்டது வெஸ் ஆண்டர்சனின் 'ரஷ்மோர்' (1998). முடிதிருத்துபவரின் மகன் மேக்ஸ் ஃபிஷர், தன் அப்பா மூளை அறுவை மருத்துவர் என்று பொய் சொல்கிறான். சின்ன வயதில் வாட்டர்கேட் ஊழலைப் பற்றி அவன் எழுதிய ஓரங்க நாடகம்தான் தனியார் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் வாங்கித் தந்தது. பள்ளியில் மன்றம் மன்றமாக நடத்துகிறான், பாடங்களில் தோற்கிறான். ஓர் ஆசிரியை மேல் மையல் கொண்டு, விளையாட்டு மைதானத்தில் மீன்காட்சியகம் கட்டக் கிளம்பி வெளியேற்றப்படுகிறான். தாயில்லாப் பிள்ளையின் தவிப்புதான் இத்தனை ஆட்டத்துக்கும் அடியில் இருப்பது. கடைசியில் மேடையேறும் வியட்நாம் போர் நாடகத்தின் முன், அவன் காயப்படுத்திய அத்தனை பேரும் வந்து உட்கார்கிறார்கள். எந்தத் திறமையால் ஊரை ஏய்த்தானோ, அதே திறமையால் அவர்களை ஒன்றுசேர்க்கிறான்.

ஜான் போல் இயக்கிய 'சார்லி பார்ட்லெட்' (2007) இன்னும் துணிந்து இறங்குகிறது. போலி ஓட்டுநர் உரிமம் தயாரித்து வெளியேற்றப்பட்ட பணக்காரப் பையன் சார்லி. அப்பா வரி ஏய்ப்புக்காகச் சிறையில். புதிய பள்ளியில் பையன்களின் கழிப்பறையே அவன் மருத்துவமனை. சக மாணவர்களின் மனக்குறையைக் காதுகொடுத்துக் கேட்கிறான்; அதைத் தன் நோயென்று மனநல மருத்துவர்களிடம் ஒப்பித்து மாத்திரை வாங்கி விற்கிறான். ஒரு மாணவன் அளவுக்கு மீறி விழுங்கி உயிருக்குப் போராடும்போது படத்தின் சிரிப்பு நின்றுபோகிறது. அந்த இடத்தில் நிற்கத் தெரிந்ததே இதன் பெருமை. சார்லியிடம் மெய்யாக இருந்த மருந்து, கேட்கும் காது மட்டுமே. ராபர்ட் டௌனி ஜூனியர் நடித்த குடிகாரத் தலைமையாசிரியரும் தனக்கு ஒவ்வாத நாற்காலியில் சிக்கியவர். வரலாறு கற்பித்த நாட்களில்தான் நிம்மதியாக இருந்தவர். வழி தவறியவர்கள் மாணவர்கள் மட்டும் என்று படம் சொல்லாதது எனக்கு மிகவும் பிடித்தது. சார்லியாக நடித்த ஆன்டன் யெல்சின் 2016இல், 27 வயதில் விபத்தில் இறந்துபோனார். அந்த இழப்பு இன்றும் வலிக்கிறது.

'அக்செப்டட்' (2006) பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எந்தக் கல்லூரியிலும் இடம் கிடைக்காத பையன் பொய்க் கல்லூரி ஒன்றைத் தொடங்க, இடம் மறுக்கப்பட்ட பிள்ளைகள் கூட்டமாக வந்து சேர்கிறார்கள். அருமையான கரு. ஆனால், ஓர் உரையை ஆற்றியதும் அரசு ஏற்பு கிடைத்துவிடுவதால் பொய்யின் கனம் காற்றில் கரைகிறது.

கலையாக 'ரஷ்மோர்' உயர்ந்தது. ஆனால் ஆசிரியர்களும் பெற்றோரும் ஒன்றைத்தான் பார்ப்பதென்றால், 'சார்லி பார்ட்லெட்' பாருங்கள்.