இரண்டடி இடம், அரை நொடி நேரம்

2024 செப்டம்பர் 22. கனெக்டிகட் மாநிலத்தின் அன்கஸ்வில் அரங்கில், அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் பிளே-ஆஃப் ஆட்டம் அப்போதுதான் சூடுபிடிக்கத் தொடங்கியிருந்தது. பந்தைத் தோழிக்குக் கடத்திவிட்ட கெய்ட்லின் கிளார்க், அடுத்த கணமே கண்ணைப் பொத்திக்கொண்டார். எதிரில் தடுத்து நின்ற எதிரணி வீராங்கனை டிஜொனாய் கேரிங்டனின் விரல் கண்ணில் பட்டிருந்தது. விசில் ஒலிக்கவில்லை. வேண்டுமென்று நடந்ததல்ல என்று கிளார்க்கே பின்னர் சொன்னார். ஆனாலும் கறுத்துப்போன அந்தக் கண்ணின் படம் ஊர் ஊராகச் சுற்றியது. வளரும் நட்சத்திரத்தை அடித்தே சாய்க்கிறார்கள் என்றது ஒரு கூட்டம். தொழில்முறை ஆட்டம் என்றால் இப்படித்தான், பழகிக்கொள்ளட்டும் என்றது இன்னொரு கூட்டம்.

இரண்டு கூட்டமும் பார்க்கத் தவறியது அன்றைய ஸ்கோர் ஷீட்டை. கிளார்க் 17 முறை கூடையை நோக்கி எறிந்தார். அவற்றில் 13 மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து, விழுந்தது 2. கோட்டுக்கு உள்ளே எறிந்தது வெறும் 4, விழுந்தது 2. ஃப்ரீ த்ரோவில் வந்தது ஒரே ஒரு புள்ளி. மொத்தம் 11. அவருடைய இண்டியானா ஃபீவர் அணி 69-93 என்று கனெக்டிகட் சன்னிடம் தோற்றது.

முரட்டுத்தனமாக அடித்துத்தான் அவரை நிறுத்தினார்கள் என்றால், ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோக் கணக்கு ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. காரணம், கூடைக்குக் கீழே, அடி விழக்கூடிய இடத்துக்கே அவர் அதிகம் போகவில்லை, போகவிடவில்லை. உடல்வலுத் தடுப்பின் உண்மையான வேலை இதுதான். கண்ணில் படும் விரல் செய்தியாகும். இடுப்பில் படும் முன்கை ஆட்டத்தையே மாற்றும்.

அவர் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அயோவா பல்கலைக்கழகத்துக்காக 3,951 புள்ளிகள் குவித்து, ஆண், பெண் இரு பிரிவிலும் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல்நிலைப் பிரிவில் சாதனை படைத்தவர். 2024இல் லீக்கின் புதுமுகத் தேர்வில் முதல் ஆளாகத் தேர்வாகி ஃபீவருக்கு வந்தார். அறிமுக சீசனின் 40 ஆட்டங்களிலும் ஆடினார். சராசரி 19.2 புள்ளி, 8.4 அசிஸ்ட். மொத்தம் 337 அசிஸ்ட். அந்த லீக்கில் அதுவரை ஒரு சீசனில் எவரும் எட்டாத எண்ணிக்கை. 122 மூன்று புள்ளிகள். அறிமுக வீராங்கனைகளில் சாதனை. சிறந்த புதுமுகம் விருதும் அவருக்கே. கூடவே 223 முறை பந்தைப் பறிகொடுத்தார். அதுவும் சாதனைதான், யாரும் ஆசைப்படாத சாதனை.

அந்த 223ஐ வைத்து அவரைக் குறை சொல்வது எளிது. பந்து எந்நேரமும் ஒருவர் கையிலேயே இருந்தால், பறிபோவதும் அவர் கையிலிருந்துதான். ஆனால் வழக்கமான சீசனில் அந்தப் பழக்கத்தைச் சகித்துக்கொள்ளலாம். பிளே-ஆஃபில் அதற்கு விலை உண்டு.

சீசனில் இன்று ஒரு அணி, நாளை மறுநாள் வேறு ஊரில் வேறு அணி. எதிரியை அலசிப் பார்க்கவே நேரம் இருக்காது. பிளே-ஆஃபில் ஒரே எதிரி, அடுத்தடுத்து. உங்களுக்கு இடது கை டிரிபிளில் தடுமாற்றமா, தோழி குறுக்கே நின்று மறைக்கும் ஸ்கிரீனுக்குப் பிறகு எந்தப் பக்கம் விலகுவீர்கள், எந்தத் தோழியை முதலில் தேடுவீர்கள் என்று எல்லாம் அவர்கள் குறிப்பேட்டில் இருக்கும். நடுவர்களும் சின்ன இடிகளுக்கெல்லாம் ஆட்டத்தை நிறுத்தத் தயங்குவார்கள். விதிப்புத்தகம் அதேதான், விசில்தான் கொஞ்சம் தாமதிக்கும்.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு அணிக்குக் கிடைப்பது 24 நொடி. நடுக்கோட்டை 8 நொடிக்குள் தாண்டியாக வேண்டும். பந்து கிளார்க் கைக்கு வந்த இடத்திலேயே, அதாவது 94 அடி ஆடுகளத்தின் மறுமுனையிலேயே, ஒருவர் ஒட்டிக்கொள்கிறார். தட்டிப் பறிக்க வேண்டும் என்பதில்லை. மார்புக்கு நேரே நின்று வளைந்து வளைந்து ஓடவைத்தால் போதும். நடுக்கோட்டைத் தாண்டும்போதே 6, 7 நொடி போயிருக்கும். முதல் திட்டத்தை மறித்துவிட்டால் மிச்சம் 10 நொடி. பந்தைக் கொடுத்துவிட்டு ஓடினால் தோளால் ஒரு உரசல். ஓட்டம் ஒரு எட்டு பிசகும். வழக்கமாக வாங்கும் இடத்துக்கு இரண்டடி தள்ளிப் பந்தை வாங்குவார், அரை நொடி தாமதமாக. இந்த இரண்டடியும் அரை நொடியும்தான் வழக்கமாக 34 விழுக்காடு விழும் அவரது மூன்று புள்ளி எறிதலை, 13க்கு 2 ஆக்கிவிடுகின்றன.

கபடி பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பாடி வருபவரைச் சாய்ப்பது ஒரு ஆளின் பலம் அல்ல. மூலையில் நிற்பவர் கணுக்காலைப் பிடித்து அரை நொடி நிறுத்துவார்; மற்றவர்கள் வந்து மூடிவிடுவார்கள். அன்கஸ்வில்லில் கணுக்காலைப் பிடித்தவர் கேரிங்டன். பின்னால் காத்திருந்தவர்கள் அலிசா தாமஸ், டிவானா பானர் போன்ற உயரமும் வலுவும் கொண்ட மூத்தவர்கள். அவர்கள் பெயருக்கு நிற்கவில்லை: அன்றைய ஆட்டத்தில் தாமஸ் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கம் தொட்டார்.

சன்னுக்கும் கிளார்க்குக்கும் அது முதல் சந்திப்பும் அல்ல. மே 14 அன்று அதே அரங்கில்தான் அவருடைய அறிமுகம். 20 புள்ளி எடுத்தார், 10 முறை பந்தைப் பறிகொடுத்தார். அன்றும் அவரைத் துரத்தியவர்களில் முன்னணியில் இருந்தவர் கேரிங்டன். ஆக, செப்டம்பரில் நடந்தது திடீர்த் தாக்குதல் இல்லை. நான்கு மாதம் கழித்துக் கேட்கப்பட்ட அதே கேள்வி.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2024 ஜூன் முதல் நாள், சிகாகோ ஸ்கை அணியின் செனடி கார்ட்டர் பந்து உள்ளே வருவதற்கு முன்பே கிளார்க்கை இடித்துக் கீழே தள்ளினார். லீக் மறுநாள் அதைக் கடும் ஃபவுல் என்று உயர்த்தி அறிவித்தது. நாட்டின் பாதிப் பேர் அதைப் பற்றித்தான் பேசினார்கள். அது தடுப்பு அல்ல, கோபம். அப்படிப்பட்ட இடிகள் கிளார்க்கை ஒருபோதும் நிறுத்தியதில்லை. பெரும்பாலும் எழுந்துவந்து அடுத்த எறிதலை எறிவார். அவரை நிறுத்துவது சத்தமில்லாத, விதிக்கு உட்பட்ட, நாற்பது நிமிடமும் ஓயாத இடைஞ்சல்.

இதற்குக் கல்லூரிக் காலத்திலேயே இரண்டு சாட்சிகள் உண்டு. 2024 ஏப்ரலில் தேசியக் கல்லூரிப் போட்டியின் அரையிறுதியில் யூகான் அணியின் நிகா மூல் நிழல்போல ஒட்டினார். முதல் பாதியில் கிளார்க் எடுத்தது 6 புள்ளி. ஆட்டம் முடியும்போது 21. அயோவா 71-69 என்று தப்பித்தது. இறுதியில் சவுத் கரோலினா. முதல் கால்பகுதியில் மட்டும் கிளார்க் 18 புள்ளி குவித்தார். மீதி மூன்று கால்பகுதியிலும் சேர்த்து 12. சவுத் கரோலினா 87-75 என்று கோப்பையைத் தூக்கியது. முதல் ஆட்டம் சொல்வது, ஒற்றைக் காவலாளியின் புதிரை அவர் அவிழ்த்துவிடுவார் என்பது. இரண்டாவது சொல்வது, பெஞ்சு நிறைய ஆள் வைத்திருக்கும் அணி நேரம் போகப்போக அவரை வற்றவைத்துவிடும் என்பது.

சன்னுக்கு எதிரான இரண்டாவது ஆட்டமும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. மூன்றே நாள் கழித்து, அதே அரங்கு, அதே காவல், கறுத்த கண். கிளார்க் 25 புள்ளி, 9 அசிஸ்ட், 6 ரீபவுண்ட். ஃபீவர் கடைசிவரை விரட்டி 81-87 என்று தோற்று வெளியேறியது. அடிக்கு அஞ்சுகிறவர் இப்படித் திரும்பி வரமாட்டார். புதிரையும் ஒரே ஆட்டத்தில் பாதி அவிழ்த்துவிட்டார். எஞ்சிய பாதி அவர் கையில் மட்டும் இல்லை.

அதைப் புரிந்துகொள்ள 2015க்குப் போக வேண்டும். என்.பி.ஏ. இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டம். அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் ஸ்டீபன் கரி 23 எறிதலில் 5ஐ மட்டுமே போட்டார். மூன்று புள்ளியில் 15க்கு 2. கிளீவ்லேண்டின் மேத்யூ டெல்லவடோவா அவர் சட்டைக்குள்ளேயே குடியிருந்தார். கரியின் உடம்பு இதைத் தாங்காது என்று அன்றும் எழுதினார்கள். பதில் கரியின் உடம்பிலிருந்து வரவில்லை, பயிற்சியாளரின் பலகையிலிருந்து வந்தது. 1-2 என்று பின்தங்கியிருந்த கரியின் கோல்டன் ஸ்டேட், நான்காவது ஆட்டத்தில் உயரமான ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்து ஆண்ட்ரே இகுவடாலாவைத் தொடக்க ஐவரில் சேர்த்தது. ஆட்டம் வேகமெடுத்தது. கரியை இருவர் மூடினால், பந்து நடுவில் நிற்கும் சக வீரர் டிரேமண்ட் கிரீனுக்குப் போகும். அங்கிருந்து மூவருக்கு எதிராக நால்வர். இருவர் மூடுவதே எதிரிக்கு நட்டமானது. ஐந்தாவது ஆட்டத்தில் கரி 37. கோப்பை 4-2.

மைக்கேல் ஜோர்டன் கதையும் பாதிதான் பரவியிருக்கிறது. 1988, 1989, 1990 என மூன்று ஆண்டு டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அவரை அடித்து அனுப்பியது. அவர் உடற்பயிற்சிக் கூடத்தில் தசை ஏற்றினார். 1991இல் 4-0 என்று பழிதீர்த்தார் என்பார்கள். உண்மைதான். ஆனால் இடையில் பில் ஜாக்சன் அவர் அணிக்குப் பயிற்சியாளராக வந்து, பந்தை ஜோர்டன் கையிலிருந்து கொஞ்சம் பிரித்து மற்றவர்களுக்கும் கொடுக்கும் முக்கோண முறையைக் கொண்டுவந்தார். சக வீரர் ஸ்காட்டி பிப்பன் முதிர்ந்தார். தசையின் கதை சொல்ல நன்றாக இருக்கிறது என்பதால் மற்றது மறைந்துவிட்டது.

கிளார்க்கும் 2025 சீசனுக்குத் திரண்ட தோளோடு வந்தார். அந்தப் படங்களும் சுற்றின. உடம்பு பதில் சொன்னதோ வேறு இடத்தில். கல்லூரியிலும் முதல் ஆண்டிலும் ஒரு ஆட்டம்கூடத் தவறவிடாதவருக்கு முதலில் தொடைத் தசை, பிறகு இடது தொடை இடுக்கு, ஜூலையில் வலது தொடை இடுக்கு. 44 ஆட்ட சீசனில் ஆடியது 13. மூன்று புள்ளி விழுக்காடு 28க்கும் கீழே இறங்கியது. இடையில் ஜூன் மாதம் நியூயார்க் லிபர்ட்டிக்கு எதிராகத் திரும்பி வந்த நாளில் 32 புள்ளி, 7 மூன்று புள்ளிகள் என்று ஒரு மின்னல். அவ்வளவுதான். பிளே-ஆஃபில் அவர் சீருடையே அணியவில்லை. 2025 முடிந்தபோது அவர் பிளே-ஆஃப் கணக்கில் இருந்தவை அன்கஸ்வில்லின் அந்த இரண்டு ஆட்டங்கள் மட்டுமே.

ஆனால் அவர் இல்லாத அந்த பிளே-ஆஃபில்தான் இந்த அலசலுக்கான பதிலின் பாதி கிடைத்தது. ஃபீவர் அட்லாண்டாவை 2-1 என்று வென்றது. அரையிறுதியில் லாஸ் வேகஸ் ஏசஸை ஐந்தாவது ஆட்டத்தின் கூடுதல் நேரம்வரை இழுத்துச் சென்று, 98-107 என்றுதான் விழுந்தது. கிளார்க்கின் தோழி கெல்சி மிட்செல் தானே வாய்ப்பை உருவாக்கி எறிய முடியும் என்று காட்டினார். இன்னொரு தோழி அலியா பாஸ்டன் நடுவில் நின்று ஆட்டத்தைத் திருப்ப முடியும் என்று காட்டினார். பெஞ்சுப் பக்கம் நின்று இதை நடத்திய பயிற்சியாளர் யார் தெரியுமா? ஸ்டெஃபனி வைட். 2024இல் அன்கஸ்வில்லில் கிளார்க்கைக் கட்டிப்போட்ட சன் அணியின் பயிற்சியாளர். பூட்டைச் செய்தவரே இப்போது சாவி தேடும் பக்கத்தில் இருக்கிறார்.

ஆகவே, முரட்டுத் தடுப்பை அவர் தாங்குவாரா? தாங்குவார் என்பதே என் கணிப்பு, மூன்று நிபந்தனைகளோடு. முதலாவது, கால்கள். இரண்டடி இடத்தைத் திரும்பப் பெறுவது தோள் அல்ல, நின்ற இடத்திலிருந்து பாயும் கால். அது தேறாமல் மற்றதெல்லாம் வீண். இரண்டாவது, பந்தை விட்டுக்கொடுக்கும் மனம். நடுக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுவரும் வேலையை மிட்செலிடமோ வேறொருவரிடமோ பாதி நேரம் ஒப்படைத்துவிட்டு, பந்தில்லாமல் ஓடி, ஸ்கிரீன் சுற்றி வந்து வாங்கப் பழக வேண்டும். கையிலேயே பந்தை வைத்து வளர்ந்தவருக்கு இது சின்ன வேலை இல்லை. மூன்றாவது, நடுவரோடு பேச்சு. 2024இல் கோபத்தில் கூடைக் கம்பத்தின் மெத்தையைத் தட்டி டெக்னிக்கல் ஃபவுல் வாங்கிய நாளும் உண்டு. பிளே-ஆஃபில் வராத விசிலுக்காகக் கையை விரித்து நிற்கும் இரண்டு நொடியில் எதிரணி மறுமுனையில் கூடை போட்டுவிடும்.

அடுத்த முறை அவர் பிளே-ஆஃபில் இறங்கும்போது, யார் இடித்தார்கள், எங்கே வீங்கியது என்று மறுநாள் சண்டை நடக்கத்தான் செய்யும். நடக்கட்டும். நான் முதல் கால்பகுதியில் இரண்டே விஷயங்களைப் பார்ப்பேன். அவர் கைக்குப் பந்து வரும்போது கடிகாரத்தில் எத்தனை நொடி மிச்சம்? ஃப்ரீ த்ரோக் கோட்டில் எத்தனை முறை நிற்கிறார்? முதல் எண் 15க்கு மேல், இரண்டாவது 4க்கு மேல் என்றால், எதிரணி பயிற்சியாளர் அன்றிரவு புதுத் திட்டம் தேட வேண்டியிருக்கும். மறுபடி 13 தூர எறிதல், ஒரு ஃப்ரீ த்ரோப் புள்ளி என்றால், பூட்டு இன்னும் திறக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.