ஏதேனும் ஒரு காரணம்

சட்டத்தையும் ஒரு நூலாகவே மதித்துத் திறனாய்கிறோம். கவிஞன் ஒரு சொல்லைப் பிழைபட இட்டால் செய்யுள் கெடும். சட்டம் வகுப்போர் இட்டால் குடிமகன் கெடுவான். 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் அத்தகைய சொற்றொடர் ஒன்று குந்தியிருக்கிறது.

துப்பாக்கி உரிமத்தை எப்போது பறிக்கலாம் என்று கூறுவது அப்பிரிவு. உண்மையை மறைத்துப் பெற்றிருந்தால் பறிக்கலாம். நிபந்தனையை மீறினால் பறிக்கலாம். சரியே! ஆனால் 'ஏதேனும் ஒரு காரணத்தால்' தகுதியற்றவரென அதிகாரி கருதினாலும் பறிக்கலாமாம். எந்தக் காரணம்? அவன் ஏந்திய கொடியா, எழுதிய கட்டுரையா, கோயிலுக்குப் போகாததா? சட்டம் வாய் திறக்கவில்லை.

விருதுநகர் மாவட்டத்தார்க்கு உரிமம் என்ற சொல் புதிதன்று. சிவகாசியின் பட்டாசுத் தொழிலே அதன்மேல்தான் நிற்கிறது. அங்கே எல்லாம் அளவு! ஒரு நேரத்தில் 15 கிலோவுக்கு மிகாத பட்டாசுத் தயாரிப்புக்குக் கலெக்டர் உரிமம் தரலாம். அதற்கு மேல் வெடிபொருள் துறை. அறைக்கும் அறைக்கும் இத்தனை தொலைவு, அறைக்குள் இத்தனை ஆள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது எழுந்த கேள்வி, அந்த அளவுகள் காக்கப்பட்டனவா என்பதே. அதே கலெக்டர் அலுவலகத்தில் துப்பாக்கிக் கோப்பைத் திறக்கும்போது மட்டும் அளவுகோல் எங்கே ஒளிகிறது?

மேல்முறையீடு உண்டே என்பர். உண்டு, முப்பது நாளுக்குள். முறையிடுவோர் தரப்பைக் கேளாமல் முடிக்கலாகாது என 18ஆம் பிரிவு சொல்வதும் நன்றே. ஆயின் காரணத்தை வெளியிடுவது பொதுநலனுக்கு ஆகாதென்று அதிகாரி எண்ணினால், சொல்லாமலே விடலாம். எதை மறுத்து வாதாடுவது? ஆணை அரசிடமிருந்தே வந்திருந்தால் இந்த முறையீட்டுக்கே இடமில்லை. பிறகு உயர்நீதிமன்றப் படியேற வேண்டும். படியேறப் பணம் வேண்டும்.

இது வெள்ளையன் விட்டுச்சென்ற மை. 1801இல் பாளையக்காரரின் படைக்கலங்களைப் பறித்தான்; 1878இல் நாடு முழுமைக்கும் சட்டமாக்கினான். 1930இல் காந்தியார் இர்வினிடம் வைத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புத் துப்பாக்கி உரிமம் மக்கள் கட்டுப்பாட்டில் வழங்கப்படவேண்டும் என்பதும் ஒன்று. பழைய சட்டம் போயிற்று. அதிகாரியின் மனம்போன போக்கு போகவில்லை.

கருத்தே குண்டாகப் பாய்வதும் உண்டே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஜெர்மனியில் 2016இல், அரசையே ஏற்காத கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன், தன் துப்பாக்கிகளைப் பறிக்க வந்த காவலரைச் சுட்டுக் கொன்றான். அரசியல் சட்டத்துக்கு எதிரான அமைப்பின் உறுப்பினர் பொதுவாக நம்பத்தகாதவர் என 2020இல் அந்நாட்டார் சட்டத்தைத் திருத்தினர். கடுமைதான்; எனினும் காரணம் ஏட்டில் அச்சாகியிருக்கிறது, எதிர்த்து வழக்காடலாம்.

ஜெர்மனி வரை போவானேன்? நம் நாட்டின் 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளைப் பாருங்கள். தாழ்த்தப்பட்டோர்மீது கொடுமை நிகழக்கூடும் எனக் கண்டறியப்பட்ட பகுதியில் ஏனையோரின் துப்பாக்கி உரிமத்தை நீக்குக. தேவையெனில் தாழ்த்தப்பட்டோர்க்கு உரிமம் வழங்குக என்கின்றன. எந்த ஊர், யார் கைத் துப்பாக்கி, எதற்காக, மூன்றும் அதில் இருக்கின்றன. அதுபோல் ஒரு வரியை 17ஆம் பிரிவில் எழுத நாடாளுமன்றத்துக்கு 1959 முதல் நேரம் வாய்க்கவில்லை.