ஆவணத் தரவை அட்டவணையாகக் காட்டும் இயக்கிகள்: ஒரு மதிப்பீடு

ஆவணத் தரவுத்தளத்தில் உள்ள பதிவுகளை நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாக மாற்றி, எஸ்கியூஎல் அறிந்த பிற மென்பொருள்களுக்குக் காட்டும் இடைநிலை மென்பொருள் அட்டவணையாக்கும் இயக்கி ஆகும். மாங்கோடிபி போன்ற தரவுத்தளத்தில் சேமித்ததை எக்செல், டேப்லோ முதலியவற்றில் திறந்து அறிக்கை தயாரிக்க இது பயன்படுகிறது. இயக்கி தரும் அட்டவணை மூலத் தரவு அன்று. இயக்கி எடுத்த பல முடிவுகளின் விளைவு. அம்முடிவுகள் பயனரின் கண்ணில் படுவதில்லை என்பதே இம்முறையின் பெருங்குறை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் சேர்க்கைப் பதிவேட்டைக் கற்பனை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதை ஆராய்கிறது.

பின்னணி

உறவுநிலைத் தரவுத்தளக் கோட்பாட்டை ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் 1970-இல் வெளியிட்டார். ஒரு கட்டத்துக்குள் ஒரே மதிப்புதான் இருக்கவேண்டும், கட்டத்துக்குள் இன்னோர் அட்டவணை இருக்கக்கூடாது என்பது அதன் அடிப்படை விதிகளுள் ஒன்று. 1992-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஓடிபிசியும், 1997-இல் ஜாவாவுடன் வந்த ஜேடிபிசியும் இந்த அட்டவணை வடிவத்தை எதிர்பார்த்தே அமைந்தவை.

2009-இல் வெளியான மாங்கோடிபி வேறு வழியில் சென்றது. அதில் ஒரு மாணவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்கள், உடன்பிறந்தோர் விவரம் அனைத்தும் ஒரே ஆவணத்துக்குள் அடங்கும். எல்லா ஆவணங்களிலும் ஒரே புலங்கள் இருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. இவ்விரு உலகங்களையும் இணைக்க 2015-இல் மாங்கோடிபி நிறுவனம் 'பிஐ கனெக்டர்' என்ற இணைப்பானை வெளியிட்டது. பிற நிறுவனங்களும் இத்தகைய இயக்கிகளை விற்கின்றன.

இயங்கும் முறை

பிஐ கனெக்டர் முதலில் சில ஆவணங்களை மாதிரியாக எடுத்து, அவற்றில் காணும் புலங்களைக் கொண்டு ஸ்கீமாவை ஊகிக்கிறது. முகவரி போன்ற உள் ஆவணத்தின் ஒவ்வொரு புலமும் தனி நிரலாகிறது. தொலைபேசி எண்கள் போன்ற பட்டியல் தனி அட்டவணையாகப் பிரிகிறது; மூல ஆவணத்தின் அடையாள எண்ணும், பட்டியலில் எத்தனையாவது உறுப்பு என்ற வரிசை எண்ணும் அதில் சேர்கின்றன.

எண்ணிக்கையில் நேரும் பிழை

பதிவேட்டில் மூன்று மாணவர்கள் இருப்பதாகக் கொள்வோம். அம்பத்தூர் மாணவிக்கு இரண்டு தொலைபேசி எண்கள். ஆவடி மாணவருக்கு ஒன்று. பூந்தமல்லி மாணவிக்கு ஒன்றும் இல்லை. இயக்கி தரும் மாணவர் அட்டவணையில் 3 நிரைகள் இருக்கும். தொலைபேசி அட்டவணையிலும் 2 + 1 + 0 என 3 நிரைகளே இருக்கும்.

இரண்டையும் உள் இணைப்பால் சேர்த்தால் விடையும் 3 நிரைகள். எண்ணிக்கை சரியாக இருப்பதால் யாருக்கும் ஐயம் எழாது. ஆனால் அம்பத்தூர் மாணவி அதில் இருமுறை வருகிறார். பூந்தமல்லி மாணவி வருவதே இல்லை. இடது இணைப்பைப் பயன்படுத்தினால் 4 நிரைகள் கிடைக்கும். அவற்றில் அடையாள எண்ணை ஒருமுறை மட்டும் எண்ணினால் 3 மாணவர்கள் என்ற சரியான விடை வரும். உதவித்தொகைப் பட்டியலை முதல் வழியில் தயாரித்தால் விடுபடுவது தொலைபேசி இல்லாத வீட்டுக் குழந்தைதான்.

பட்டியல்கள் இரண்டு இருந்தால் சிக்கல் பெருகும். இரண்டு தொலைபேசி எண்களும் மூன்று உடன்பிறந்தோரும் உள்ள ஒரு மாணவர், இரு பட்டியல்களையும் சேர்த்து இணைத்தால் 6 நிரைகளாகத் தெரிவார்.

மாதிரியில் அகப்படாத புலம்

பிஐ கனெக்டர் ஒவ்வொரு தொகுப்பிலும் இயல்பாக 1,000 ஆவணங்களை மட்டுமே மாதிரியாக எடுக்கும்; இந்த அளவை மாற்றிக்கொள்ளலாம். 5,000 ஆவணங்களில் 5-இல் மட்டும் 'சிறப்புத் தேவை' என்ற புலம் இருப்பதாகக் கொள்வோம். மாதிரி சமவாய்ப்பு முறையில் எடுக்கப்பட்டாலும், அந்த ஐந்தில் ஒன்றுகூட அகப்படாமல் போக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அப்படி நேர்ந்தால் அந்த நிரலே அட்டவணையில் தோன்றாது. வெற்றுக் கட்டம் இருந்தால் பார்ப்பவர் கேள்வி கேட்பார். நிரலே இல்லாதபோது கேட்க வழியில்லை.

எண்ணா, எழுத்தா

சென்னை வட்டாரத்தில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு கதவிலக்கங்கள் இருப்பது வழக்கம். ஓர் ஆவணத்தில் 12 என்றும் இன்னொன்றில் 27/12 என்றும் இருக்கும். ஆவணத் தரவுத்தளம் இரண்டையும் அப்படியே ஏற்கும். அட்டவணை நிரலுக்கோ ஒரே வகைதான் இருக்கமுடியும். இயக்கி அதை எண் வகை என்று முடிவு செய்துவிட்டால், 27/12 என்பதைச் சரியாகக் காட்ட வழியில்லை. அதுபோலவே 044 என்ற தொலைபேசிக் குறியீடு எண்ணாக மாறினால் முன்னுள்ள சுழியம் போய்விடும்.

மாவட்டப் பெயரும் காலமும்

இவ்வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அம்பத்தூர் 1997 வரை பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. பின்னர் திருவள்ளூர் மாவட்டத்துக்கு வந்தது. 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. 2018-இல் சென்னை மாவட்டத்தின் பகுதியானது. ஆகவே 1996, 2005, 2020 ஆகிய ஆண்டுகளின் சேர்க்கை ஆவணங்களில் ஒரே தெருவுக்கு மூன்று மாவட்டப் பெயர்கள் இருக்கும். மூன்றும் அந்தந்த ஆண்டில் உண்மை.

இயக்கி இவற்றை ஒரே நிரலில் அடுக்கும். மாவட்டவாரியாகத் தொகுத்தால் ஒரே ஊர் மூன்றாகப் பிரியும். மேலும் 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் உருவானது. அந்த ஆண்டுக்குப் பின் பட்டியலைப் பார்ப்பவர், 1996-இல் சேர்ந்த அம்பத்தூர் மாணவரை இன்றைய செங்கல்பட்டுக்காரராக எண்ணிவிடுவார். உறவுநிலை வடிவமைப்பில் ஊர்களுக்குத் தனி அட்டவணையும், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எந்த மாவட்டம் என்ற நிரல்களும் வைத்து இதைத் தீர்க்கலாம். அந்த அறிவு ஆவணத்தில் இல்லை. ஆகவே இயக்கியால் அதைத் தரமுடியாது.

நிறைகள்

இவற்றால் இயக்கிகள் பயனற்றவை ஆகிவிடா. நிரல் எழுதத் தெரியாத அலுவலரும் பழகிய கருவியிலேயே தரவைப் பார்க்க முடிகிறது. நகலெடுத்து வேறொரு தரவுத்தளத்தில் ஏற்றும் வேலை மிச்சமாகிறது. பிஐ கனெக்டர் இயல்பாகப் படிக்க மட்டுமே அனுமதிப்பதால் மூலத் தரவு கெடுவதில்லை. புலங்கள் ஒழுங்காகவும் பட்டியல்கள் குறைவாகவும் உள்ள தொகுப்புகளில் விடைகளும் நம்பத்தக்கவை.

மதிப்பீடு

ஆவணத் தரவுத்தளத்துக்கு ஸ்கீமா தேவையில்லை என்று சொல்லப்படுவது பாதி உண்மையே. எழுதும்போது தள்ளிவைத்த ஸ்கீமா, படிக்கும்போது தேவைப்படுகிறது. அப்போது அதை முடிவு செய்வது தரவை அறிந்த மனிதரா, மாதிரியைப் பார்த்த இயக்கியா என்பதே கேள்வி. மாங்கோடிபியின் பிற்கால அட்லஸ் எஸ்கியூஎல் வசதியில், பட்டியலைப் பிரிப்பதையும் உள் ஆவணத்தை விரிப்பதையும் வினவல் எழுதுபவரே வெளிப்படையாகக் குறிப்பிடலாம். முடிவு கண்ணுக்குத் தெரிகிறது என்ற வகையில் இது முன்னேற்றம்.

மாணவர்கள் இக்கருவிகளைப் பயிலும்போது மூன்று பழக்கங்கள் உதவும். இயக்கி ஊகித்த ஸ்கீமாவை ஏற்பதற்கு முன் வரிவரியாகப் படித்துத் திருத்துதல் முதலாவது. ஒவ்வோர் அறிக்கையிலும் மூல ஆவணங்களின் எண்ணிக்கையை, அடையாள எண்களின் தனித்த எண்ணிக்கையோடு ஒப்பிடுதல் இரண்டாவது. பட்டியல் இல்லாத, புலம் விடுபட்ட ஆவணங்களைத் தேடியெடுத்து, அவை அறிக்கையில் எங்கே போயின என்று பார்த்தல் மூன்றாவது. மேலே கண்ட பூந்தமல்லி மாணவியை இந்த இரண்டாம், மூன்றாம் சோதனைகளில் ஒன்று கட்டாயம் கண்டுபிடித்துவிடும்.